தேய்மானம் போக

அவர் வந்துபோன நேரம் ஏழு நிமிடம்.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.
கருங்கலில் இறங்கி, ஆட்டோ பிடித்து,
குருசடிக்குப் பிறகு ஆட்டோவும் நுழையாத
மூன்றடி வழியில்
தோல்பையை நெஞ்சோடு அணைத்தபடி நடந்துவந்தார்.

அப்பா முதலில் காட்டியது கிணற்றை.
“சித்திரையிலயும் வத்தாது, கேட்டியளா.”
பிறகு அயனி மரம்.
பிறகு இடி விழுந்து விரிசல் விட்ட மேற்குச் சுவர்,
தன் கையாலேயே பூசியதை
மறைப்பதா காட்டுவதா என்று தெரியாமல்
காட்டிவிட்டார்.

டேப்பின் ஒரு முனையை என்னிடம் தந்தார் வந்தவர்.
போட்டோவுக்கென்று
கத்தரிப்பூச் சேலை மாற்றி வந்து நின்ற அம்மாவிடம்
“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா,
வீடு மட்டும் போதும்” என்றார்.
தண்ணீர் குடிக்கவில்லை.

பத்தொன்பது லட்சத்து அறுபதாயிரம்.
வங்கியில் தாளைத் திருப்பிக் காட்டினார்கள்.
அப்பா எழுத்தில் ஒரு தடவை,
எண்ணில் ஒரு தடவை படித்தார்.
இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அவர் மனதில் இருந்தது இருபத்தைந்து.
நடுவில் விழுந்த பள்ளத்தில் போனது
ஷைனியின் நர்சிங் சீட்.
இப்போது மார்த்தாண்டத்தில் நகைக்கடையில் நிற்கிறாள்.
வளையலுக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் என்பதை
சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டாள்.

எட்டு வருடம்.
அந்த ஆளின் பெயர் கிளிட்டஸ்.
எங்கள் வீட்டில் நாய் இல்லை,
இருந்திருந்தால் அந்தப் பெயர்தான்.

இன்று அதே வேலைக்கான விண்ணப்பம்
என் மேசையில்.
ஐம்பது மணி நேரப் பாடம், பிறகு தேர்வு.
பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளி.
ஒப்பந்தக்காரரிடம் ஐந்து வருடம்
வெயிலில் நின்று கம்பி எண்ணியாகிவிட்டது
(ஜெயிலில் அல்ல, தளத்தில்;
சம்பளம் கேட்கும் நாளில்
பெரிய வித்தியாசம் தெரியாது).

தக்கலையில் இந்தத் தொழில் செய்யும் பெனிலா
போனில் சொன்னாள்:
“வாங்குறவன் குறைச்சுப் போடும்பான்,
கடன் கேக்குறவன் கூட்டிப் போடும்பான்,
பழைய பத்திரம் மலையாளத்துல இருக்கும்,
படிச்சுச் சொல்ல ஆள் தேடணும்.
பிரிஞ்ச அண்ணந்தம்பி ரெண்டு பேரும்
உன்னைத்தான் திட்டுவானுவ.
ஆனா, மத்தியானம் வீட்டுக்குப் போயி சாப்பிடலாம்.”

நேற்று ராத்திரி,
எல்லோரும் தூங்கிய பிறகு,
எங்கள் வீட்டுக்கே விலை போட்டுப் பார்த்தேன்.
உண்மையைச் சொல்கிறேன்,
கிளிட்டஸைத் தோற்கடிக்கத்தான் உட்கார்ந்தேன்.
அவர் வந்த வருடத்து விலைகள்.
ஆறரை செண்ட், கார் வராத வழி.
எண்ணூற்றி இருபது சதுரடி, கட்டி இருபத்திரண்டு வருடம்.
அறுபது வருட ஆயுளில்
கரைந்ததைக் கழித்தேன்.
மறுபடி கழித்தேன்.

பத்தொன்பது லட்சத்துப் பத்தொன்பதாயிரம்.

அவர் போட்டதைவிட
நாற்பத்தோராயிரம் குறைவு.

ஒரு மணிவரை
அந்த நாற்பத்தோராயிரத்தைத் தேடினேன்.
கூட்டலில் பிழையா?
அயனிக்குப் போட்டாரா?
வற்றாத கிணற்றுக்கா?
இரண்டுக்கும் அந்தத் தாளில் கட்டம் இல்லை.
தள்ளி நின்ற சேலைக்கா?
சும்மா தேய்மானத்தில் கைதவறி
இரண்டு வருடம் விட்டுப்போனதா?
ஏழு நிமிடத்தில் ஓர் ஆள்
எதையெல்லாம் பார்க்க முடியும்?

அவர் போன் நம்பர் முத்திரைக்குள் இருக்கிறது,
மங்கலாக, ஆனால் படிக்கலாம்.
கூப்பிடவில்லை.
அப்பாவிடமும் சொல்லவில்லை.
எட்டு வருடக் கோபத்தை ஒரே காலையில்
அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

விடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு
வழிக்குப் போனேன்.
மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை,
ஒரு வெட்டுக்கல்லை ஏற்றிவைத்தேன்.

இரண்டடி பத்தங்குலம்.

அவர் தாளில் மூன்று.
என் தாளிலும் மூன்று.

கிணற்றடியிலிருந்து அப்பா:
“என்னத்த அளக்குற மக்ளே?”
“ஒண்ணுமில்ல.”

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.